வேர்வையைத் தேடி மலையிறங்கிய நாட்கள்

காபிப் பழம் நிறுக்கும் மேடையில் ஒரு சாயங்காலம் நான் ஏறி நின்றேன். அதை இப்போது நினைத்தாலும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பழ சீசன் அது. எஸ்டேட் ஸ்டோர் வாசலில் பழம் பறித்த பெண்கள் மூட்டைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். ஈரச் சாக்கின் வாசமும் பழத்தோலின் புளிப்பு வாசமும் கலந்து வந்தது. மூட்டையை மேடையில் ஏற்றச் சொல்லி, மின்தராசு காட்டும் எண்ணை உரக்கப் படிப்பது ரைட்டரின் வேலை. அந்த எஸ்டேட்டின் ரைட்டர் என் கணவர் சேவியர்.

காலையில் அதே மேடையில் எடை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறி அடிவாரம் போயிருந்தேன். திரும்பி வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே ஸ்டோருக்கு வந்து, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் முதலில் நின்ற கன்னியம்மா அக்காவிடம் ஒரு நிமிஷம் கேட்டு மேடையில் ஏறினேன்.

காலையைவிட ஒரு கிலோவும் சொச்சமும் குறைவு. ஒரே நாளில்!

நான் நின்ற இடத்திலேயே குதித்தேன். தராசில் எண்கள் தாறுமாறாக ஓடின. சேவியர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்படி எதைக் குறைத்தேன் என்று கன்னியம்மா அக்கா கேட்டார். கொழுப்பு என்று பெருமையாகச் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வேர்க்கும்போது தண்ணீர் குடித்தால் கரைந்த கொழுப்பு மறுபடி உறைந்துவிடும் என்று எங்கோ கேட்டிருந்தேன். அதனால் பையிலிருந்த ஒரு லிட்டர் பாட்டிலை நாள் முழுக்கத் திறக்கவே இல்லை. எடைதான் பார்த்தாயிற்றே என்று இப்போது அதைத் திறந்து, நின்ற நிலையில் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

கன்னியம்மா அக்கா என்னையும் காலி பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப ஒருக்கா ஏறுங்க, பாக்கலாம்."

ஏறினேன். ஒரு கிலோ திரும்பி வந்திருந்தது.

 முதல் மூட்டையிலிருந்து கடைசி மூட்டை வரை சிரிப்பு ஓடியது. சேவியர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "கீழ எறக்கி வெச்சுட்டு வந்ததை மேல வந்து குடிச்சுட்டயே புள்ள."

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது மனம் வேறு மாதிரி யோசித்தது. திரும்பி வந்தது ஒரு கிலோதானே, அந்தச் சொச்சம் வரவில்லையே! அது கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அடிவாரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

பத்து கிலோ பை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஏன் இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மலையில் நடைப் பயணம் அழைத்துப் போகும் ஒரு சிறிய நிறுவனம் பெண் வழிகாட்டிகளைத் தேடியது. மரம் செடி பற்றித் தெரிந்திருக்க வேண்டும், முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் எனக்குப் பயமில்லை, நான் தாவரவியல் படித்தவள். பயமெல்லாம் கடைசி நிபந்தனையில். முதுகில் பத்து கிலோ பையோடு அடிவாரத்திலிருந்து பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறி, இரண்டரை மணி நேரத்துக்குள் மேலே வந்து சேர வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு இதே வேலைக்கு நேர்முகத்தில் தேறியிருந்தேன். ஏற்றத்துக்கு நாள் குறித்த வாரத்தில்தான் ஜெசி வயிற்றில் இருப்பது தெரிந்தது. நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது வரச் சொன்னார்கள். அந்த அடுத்த முறை வந்தபோது ஜெசிக்கு இரண்டரை வயது.

இது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் பேசி முடித்திருந்தோம். ஜூன் மாதம் சேலத்தில் ஒரு பள்ளிக்கூட வேலை. நானும் ஜெசியும் அங்கே என் அம்மா வீட்டில், சேவியர் இங்கே மலையில். வாரத்தில் ஒரு நாள்தான் மூவரும் ஒன்றாக இருக்க முடியும். ஒரு மணி நேர பஸ் பயணம்தானே என்று அவர் சொன்னார். அதைச் சொன்னபோது அவருடைய பூட்ஸ் மேல் ஜெசி ஏறி நின்று, அவர் கால் நகர நகரத் தானும் நகர்ந்துகொண்டிருந்தாள். அது அவர்களுடைய தினசரி சாயங்கால விளையாட்டு. நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

என்னோடு விண்ணப்பித்தவள் செல்வி. வெள்ளக்கடைப் பெண், ஒரு ஓட்டலில் வரவேற்பில் வேலை. கல்யாணமாகாதவள், கொலுசு சத்தத்தோடு மலையேறுகிறவள். முதல் ஞாயிற்றுக்கிழமை பையில் கல்லை நிரப்பிக்கொண்டு இருவரும் அந்தப் பாதையில் ஏறிப் பார்த்தோம். எனக்கு மூன்று மணி பத்து நிமிடம் ஆனது. அவள் வெகுநேரம் முன்பே வந்து, மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து கொய்யாப் பழம் தின்றுகொண்டிருந்தாள்.

என் நிலையைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "பை ஒரு பத்து கிலோ, புள்ள பெத்ததுல வந்தது ஒரு பத்து கிலோ. ரெண்டு பையில்லக்கா சொமக்கறீங்க."

எத்தனை நியாயமாகப் பட்டது! முதலில் கொழுப்பைக் கரைக்க வேண்டும், நடை தானாக வரும். அங்கே ஆரம்பித்தது என் கிறுக்குத்தனம்.

வெயில் வாங்கப் போன கதை

மார்கழி, தை மாதங்களில் எங்கள் மலையில் யாருக்கும் எளிதில் வேர்க்காது. காலையில் துணி துவைத்துப் போட்டால் சாயங்காலம் அது போட்டதைவிட ஈரமாக இருக்கும். ஒரு மணி நேரம் நடந்து வந்தாலும் மூக்கு நுனிதான் ஈரமாகும், அதுவும் பனியால்.

எனக்கோ வேர்வைதான் உருகிய கொழுப்பு என்று நினைப்பு. வெண்ணெய்க் கட்டியை அடுப்பருகே வைத்தால் உருகுகிறதல்லவா, அப்படி. ஒளிச்சேர்க்கையைப் பத்துப் பக்கம் எழுதி மார்க் வாங்கியவள்தான் இப்படி நினைத்தேன். நான் மட்டுமல்ல, மலை மேல் இருக்கிற எத்தனையோ பெண்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்: "இங்க குளுருக்கு ஒண்ணுங் கரையாதுங்க, கீழ போனாத்தான்."

ஆகவே வாரத்தில் மூன்று நாள் கீழே போனேன். ஜெசியை அத்தையிடம், அதாவது சேவியரின் அம்மாவிடம், விட்டுவிட்டு பதினோரு மணி பஸ் பிடிப்பேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழெட்டு வளைவு தாண்டியதும் காது அடைத்துத் திறக்கும். பாதி வழியில் ஸ்வெட்டரைக் கழற்றுவேன். அடிவாரத்தில் இறங்கினால் வெயில் முகத்தில் அறையும். அந்த வெயிலில், பழம் பறிக்கும் பெண்கள் மழைக்குப் போடும் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு, ரோட்டோரம் மேலும் கீழுமாக நடப்பேன். கோட்டுக்குள் மழை பெய்யும். எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அங்கே டீக்கடை வைத்திருந்தவர் நான்கு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கேட்டே விட்டார்: "ஏனுங்க, காத்து வாங்க நாங்க மேல வாரோம். நீங்க வெயில் வாங்கவா கீழ வாரீங்க?"

நான் உடற்பயிற்சி என்றேன். அவர் கடைக்குள் திரும்பி யாரிடமோ, பாவம், என்னவோ நேர்த்திக்கடன் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

தராசு மேடையில் ஊரே சிரித்த பிறகும் இரண்டு வாரம் இப்படிப் போனேன். என் மூளையின் ஒரு பாதிக்கு அது தண்ணீர் என்று தெரிந்திருந்தது. மறுபாதி, ஒருவேளை அப்படி இல்லாவிட்டால் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு எப்போதும் இந்த மறுபாதிதான் எஜமானி.

செல்போனுக்குள் இருந்த வாத்தியார்கள்

அதற்குத் தீனி போட்டது செல்போன். ஜெசி மதியம் தூங்கும்போது உடற்பயிற்சி சொல்லித்தரும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன்.

ஒருவர் ராத்திரி சோறே தொடக்கூடாது என்றார். விட்டேன். மறுநாள் காலை ஏற்றத்தில் கண் இருட்டி, சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னொருவர் படுத்து எழும் பயிற்சியைத் தினம் நூறு முறை செய்தால் தொப்பை மட்டும் தனியாகக் கரைந்துவிடும் என்றார். சிமெண்டுத் தரையில் போர்வை விரித்து எண்ண ஆரம்பித்தேன். ஜெசி இது தனக்கான விளையாட்டு என்று நினைத்து என் வயிற்றில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஒரு மாதம் ஆனதும் அழுத்திப் பார்த்தேன். உள்ளே கல் மாதிரி இறுகியிருந்தது, மேலே அதே மெத்தை அப்படியே இருந்தது. உடம்பில் எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போக வேண்டும் என்பதை நம் விருப்பம் கேட்டு உடம்பு முடிவு செய்வதில்லை என்று அப்போது புரியத் தொடங்கியது. ஆனாலும் நூறை நிறுத்தவில்லை. நிறுத்தினால்?

அந்த 'நிறுத்தினால்'தான் என்னைப் பிடித்த பெரிய பேய். ஒரு நாள் விட்டால் ஒரு வாரம் பின்னால் போவீர்கள் என்று ஓர் ஆள் விரலை நீட்டிச் சொன்னார். பயிற்சியை நிறுத்தினால் சேர்த்த தசையெல்லாம் கொழுப்பாக மாறிவிடும் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னார். காபிச் செடிக்கு உரம் போடுவதை நிறுத்தினால் அது மிளகுக் கொடியாக மாறிவிடுமா என்று இப்போது கேட்கிறேன். தசை வேறு, கொழுப்பு வேறு. ஒன்று மெலியலாம், மற்றது கூடலாம், ஒன்று இன்னொன்றாக மாறுவதில்லை. அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஒரு நாளும் விடவில்லை நான். ஜலதோஷத்திலும் நடந்தேன். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரு வலி வந்து தங்கிவிட்டது. பஸ் படியில் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து இன்னும் கொஞ்சம் நடந்தேன்.

மலையேற்றத்தின் நேரம் முதலில் குறைந்தது. இரண்டு ஐம்பத்தைந்து, பிறகு இரண்டு நாற்பது. இன்னும் பத்தே நிமிடம்! அந்த வாரம் முழுக்கப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினேன். அடுத்த முறை ஏறியபோது இரண்டு நாற்பத்தெட்டு. பின்னால் போயிருந்தேன்.

தேர்வுக்கு இன்னும் இருபத்து நான்கு நாள் இருந்தது. பயிற்சியை இரட்டிப்பாக்குவது என்று முடிவு செய்தேன். அன்று காலை ஜெசியைக் குளிப்பாட்டும்போது அவள் முதுகில் ஒரு சிவப்புக் கொப்புளம் பார்த்தேன்.

வேப்பிலை கீழிருந்து வந்தது

மத்தியானத்துக்குள் அது இருபதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சின்னம்மைதான், பயப்பட ஒன்றுமில்லை, பொருக்கெல்லாம் காயும் வரை வீட்டிலேயே வைத்திருங்கள், மற்றக் குழந்தைகளை அண்ட விடாதீர்கள் என்று டாக்டர் மருந்து கொடுத்து அனுப்பினார். எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்ததால் நானே கூட இருந்து பார்க்கலாம் என்றார்.

டாக்டர் சொன்னது அவ்வளவுதான். அத்தை சொன்னதுதான் பெரிய பட்டியல்.

நாங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். ஆனாலும் அம்மை என்றால் எங்கள் வீட்டிலும் வாசலில் வேப்பிலை செருக வேண்டும். ஜெபமாலை தொங்குகிற அதே ஆணியில் ஒரு கொத்து, குழந்தையின் பாயில் ஒரு கொத்து. பாதிரியார் கேட்டால் என்ன சொல்வது என்று நான் இழுத்தேன். வேப்பிலை கசக்குறது எல்லாருக்கும் ஒண்ணுதான் சாமி என்று அத்தை முடித்துவிட்டார். எங்கள் உயரத்தில் வேப்பமரம் சரியாக வளராது. சேவியர் பைக்கில் அடிவாரம் போய் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். வீடெல்லாம் சமவெளி வாசம் அடித்தது.

தாளிக்கக் கூடாது. தலை சீவக் கூடாது. வீட்டுப் பெண்கள் வெளியே போய் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வேர்வையோடு யாரும் குழந்தைக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

வேர்வையோடு! இருபது வளைவு இறங்கி வேர்வை தேடியவளிடம் இதைச் சொன்னார்கள்.

பொருக்கு உதிர்ந்து தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை எப்படியும் இரண்டு வாரத்துக்கு மேலாகும். எண்ணிப் பார்த்தேன். தேர்வுக்கு ஒரு வாரம்கூட மிஞ்சாது போலிருந்தது. இதில் மத ஆராய்ச்சியோ மருத்துவ ஆராய்ச்சியோ செய்யும் நிலையில் நான் இல்லை. மெதுவாக அத்தையிடம் போய் நின்றேன். காலையில் ஒரே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, வெளியிலேயே குளித்துவிட்டு உள்ளே வருகிறேன் என்றேன்.

அத்தை கோபப்படவில்லை. ஜெசியின் கையைச் சொறிய விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "போ கண்ணு, ஆரு வேண்டாங்கறா. திரும்பி வந்தொடனே புள்ள கை நீட்டுவா. குளிக்கிற வரைக்கும் தூக்காம இருக்க முடியும்னா போ."

ஷூவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

அப்படியும் மூன்றாம் நாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐம்பது முறை உட்கார்ந்து எழுந்தேன். கஞ்சி எடுக்க வந்த அத்தை என் நெற்றியைப் பார்த்தார். குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார். திருடி மாட்டிக்கொண்டவள் போல போய்க் குளித்தேன்.

செல்வி தன் ஸ்கூட்டியில் வந்து கேட்டுக்கு வெளியே நின்று நலம் விசாரிப்பாள். உள்ளே வர அனுமதி இல்லை. "அக்கா, நேத்து ரெண்டு முப்பத்தஞ்சு," என்று அங்கிருந்தே சொல்வாள். நொம்ப சந்தோசம் செல்வி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து என் தொடையைக் கிள்ளிப் பார்ப்பேன், தசை இன்னும் இருக்கிறதா, மாற ஆரம்பித்துவிட்டதா என்று.

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேவியர் ஆறுதல் சொல்ல முயன்றார். "போனாப் போகுது புள்ள. ஜூன்ல சேலம்னா சேலம். ஞாயித்துக்கெழம நான் வந்து பாத்துட்டு வாரேன்." அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

எனக்கு வேறு வேலை இல்லை. ஜெசியின் பாயில் படுத்து வேப்பிலையால் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவளுக்குப் பிசைந்த தயிர்சோறு எனக்கும், அவளுக்கு ஆற்றிய ராகிக் கூழ் எனக்கும். ராத்திரியும் சாப்பிட்டேன், அம்மை கண்ட வீட்டில் பட்டினி கிடக்கக் கூடாது என்பதும் பட்டியலில் இருந்தது. அவள் தூங்கும்போதெல்லாம் நானும் தூங்கினேன். அவள் பிறந்ததிலிருந்து நான் அப்படித் தூங்கியதில்லை.

பதினாறாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை மூன்றாம் முறையாக ஜெசியின் தலைக்கு ஊற்றினோம். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். அலமாரியின் மேல்தட்டுக்குக் கை நீட்டி ஷூவை எடுக்க நுனிக்காலில் எம்பியபோது ஒன்று உறைத்தது. முன் எலும்பில் வலி இல்லை. அது எந்த நாள் போனது என்றே தெரியவில்லை.

கோயில் வரை ஒரு நடை

மறுநாள் காலை முதலில் ஸ்டோருக்குப் போய் மேடையில் ஏறினேன். ஒரு கிலோ கூடியிருந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். சேவியர் பையைத் தூக்கி என் முதுகில் மாட்டிவிட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து சேர்வராயன் கோயில் வரை ஏறுவதுதான் என் வழக்கமான நடை. முந்தின வாரம் கோடை மழை ஒன்று பெய்திருந்தது. வழியெல்லாம் காபி பூத்திருந்தது, கிளைகளில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல. மல்லிகையும் தேனும் சேர்ந்த அந்த வாசத்தில் மூச்சை இழுத்து இழுத்து நடந்தேன். எங்கே மூச்சு வாங்கப் போகிறது என்று காத்துக்கொண்டே நடந்தேன். நான் எப்போதும் நிற்கிற வளைவு ஒன்று உண்டு, அங்கே ஒரு மைல்கல்லில் பையைச் சாய்த்து இளைப்பாறுவேன். அதைத் தாண்டி வந்துவிட்டது கொஞ்ச தூரம் போன பிறகுதான் தெரிந்தது.

மேலே அந்தப் பரந்த புல்வெளிக்கு வந்து செல்போனைப் பார்த்தேன். வழக்கத்தைவிட ஏழு நிமிடம் குறைவு.

நான் நம்பவில்லை. கோயிலுக்கு வெளியே பொரி விற்றவரிடம் மணி கேட்டேன். அதே மணிதான். அவருடைய வாட்சும் தப்பாக இருக்கலாமே என்று, காரில் வந்து இறங்கிய ஒரு குடும்பத்திடமும் கேட்டேன். அதே மணி! ஏதாவது குறுக்கு வழியில் வந்துவிட்டேனா? அந்த ரோட்டில் குறுக்கு வழியே கிடையாது.

காற்று பிய்த்துக்கொண்டு போனது. சேவியருக்குப் போன் போட்டு, ஏனுங்க, ஏழு நிமிசம், ஏழு நிமிசம் என்று கத்தினேன்.

"எங்க விழுந்துட்ட?" என்றார் அவர் பதறிப்போய்.

இறங்கி வரும்போது ஒவ்வொன்றாக விளங்கியது. எடை கூடியிருந்தது, நடை குறையவில்லை. தராசு சொல்வது ஒன்று, கால் சொல்வது இன்னொன்று. நான் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தது வெறும் களைப்பு. மூன்று மாதம் நடந்த நடையெல்லாம் என் கால்களில்தான் இருந்தது, அது வெளியே வர நான்தான் இடம் கொடுக்கவில்லை. பதினாறு நாளில் ஒன்றும் கரைந்து போகவில்லை. மாதக் கணக்கில் விட்டிருந்தால் குறைந்திருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வளவு விளங்கியும் வீடு வந்து சேர்வதற்குள் மனம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. கோயில் ரோடு வேறு, அந்தச் செங்குத்துப் பாதை வேறு. ஒத்திகை பார்க்க ஒரு ஞாயிறு இருந்தது. போகலாமா? போய்க் கால் மறுபடி வலித்தால்? போகாமல் இருந்து, தேர்வன்று திணறினால்? கடைசியில் போகவில்லை. சரியா தப்பா என்று தெரியாமலே போகவில்லை. அந்த வாரம் மூன்று நாள் மட்டும் நடந்தேன், இரண்டு நாள் முன்பே நிறுத்திக்கொண்டேன்.

இரண்டரை மணி நேரம்

தேர்வு நாளில் அடிவாரத்தில் ஒன்பது பெண்கள் நின்றோம். ஒவ்வொருவர் பையையும் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தார்கள். விசில் ஊதியதும் செல்வியின் கொலுசு முன்னால் போய்விட்டது. நான் என் மூச்சைக் கேட்டுக்கொண்டு ஏறினேன்.

முதலில் முள்ளும் சரளையுமான காடு, அனல் அடித்தது. மணிக்கு நான்கு முறை தண்ணீர் குடித்தேன். வேர்வை கொட்டியது, அதை நான் பொருட்படுத்தவே இல்லை. பாதி வழியில் ஒருவர் அட்டையோடு நின்று நேரம் சொன்னார். ஒரு மணி பதினான்கு. நின்று ஒரு வாழைப்பழம் தின்றேன், முன்பென்றால் நின்றிருக்க மாட்டேன்.

அதற்கு மேல்தான் அந்தச் செங்குத்து. கல்லைக் கையால் பிடித்து ஏற வேண்டிய இடம். அங்கே செல்போன் வீடியோவில் விரல் நீட்டிய அந்த ஆள் என் தலைக்குள் வந்துவிட்டார்: பதினாறு நாள் விட்டாயே, பதினாறு வாரம் பின்னால் போய்விட்டாயே. பை திடீரென்று கனத்தது. ஜூன் மாதம் தெரிந்தது. சேலம் வீட்டு வாசலில் நின்று, அப்பா எந்த பஸ்ஸில் வருவார் என்று ஜெசி கேட்பது தெரிந்தது. ஒரு காலை எடுத்து மேல் கல்லில் வைத்தேன். கால் நடுங்கவில்லை. அடுத்த காலை வைத்தேன். இந்தக் காலுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஆளுக்குத் தெரியாது என்று தோன்றியது. அப்புறம் நான் யோசிக்கவில்லை, ஏறினேன்.

காற்று குளிர்ந்தது. காபிச் செடிகள் வந்தன. மேலே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. கடைசிச் சரிவில் எனக்கு முன்னால் போன ஒரு பெண்ணைத் தாண்டினேன், நான் ஒருத்தரைத் தாண்டினேன்! பாதை முடிந்து தார் ரோட்டில் கால் பட்டபோது, மேசையில் இருந்தவர் வாட்சைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு இருபத்தாறு."

சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாயிற்று என்றார். பையின் எடை குறைந்திருக்காதே என்று நானே கேட்டேன். அவர் மறுபடி மாட்டிக் காட்டினார். தேறிட்டனுங்களா என்று மூன்றாம் முறை கேட்டதும், "தேறியாச்சும்மா, போய் உக்காருங்க," என்று சிரித்துவிட்டார்.

செல்வி இரண்டு இருபத்தொன்றில் வந்திருந்தாள். ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் நடந்தவள் அவள், இருபத்து மூன்று வயது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு என் உடம்பு. இருவரும் கட்டிக்கொண்டு ரோட்டிலேயே குதித்தோம்.

சேவியர் ஜெசியைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தார். பக்கத்தில் வந்தார். வீட்டுக்குப் போன் போட்டு அத்தையிடம் பேசினார்: "அம்மா... ஆமா. இல்ல, சேலம் இல்ல. புள்ள இங்கதான் இருக்குது. எல்லாரும் இங்கதான்."  போனை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுமுனையில் அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "நாளைக்கி விடிஞ்சதும் நடக்கப் போவோணுமா கண்ணு?"

"இல்லீங்க அத்தை. நாலு நாளைக்கு லீவுங்க."

சொல்லிவிட்டேன். அது சரியா தப்பா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.